கல்வராயன் விசைப்பலகையின் வீர வரலாறு

மனிதகுலத்தின் துயரங்களை எண்ணிச் சொன்ன பெரியவர்கள் எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டார்கள். பசி, பிணி, முதுமை என்று விரல் மடக்கியவர்களுக்கு, 1982-ல் வாங்கிய வீட்டுக் கணினியில் 'பி' பட்டன் வேலை செய்யாமல் போவதன் வேதனை தெரிந்திருக்கவில்லை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அறுபது வயதை நெருங்கும் ஆண்கள் ஆயிரக்கணக்கில் இந்த வேதனையில் உழல்கிறார்கள். சின்ன வயதில் விளையாடிய கணினியைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள். தூசி தட்டுகிறார்கள். பிளக்கைச் சொருகுகிறார்கள். கணினிக்கு உயிர் இருக்கிறது. விசைப்பலகை செத்துக் கிடக்கிறது. இவர்களின் கண்ணீரைத் துடைக்க வரலாறு ஓர் ஊரைத் தேடியது. எங்கெங்கோ அலைந்துவிட்டு, கடைசியில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியது.

அங்கே அதை வரவேற்கக் காத்திருந்தவர்தான் 'கல்வராயன் கைவினை விசைப்பலகை நிறுவன'த்தின் நிறுவனர் உயர்திரு பிரவீன்குமார் அவர்கள். முப்பத்தைந்து வயது, நாற்பது ஏக்கர் கரும்பு, எண்ணற்ற யோசனைகள். இதற்கு முன்பே நாட்டுக்கோழி, டிராகன் பழம், முருங்கையிலைப் பொடி ஆகிய துறைகளில் முத்திரை பதித்தவர். கோழிகள் ஒரே வாரத்தில் காலமாயின. பழம் பழுக்கவில்லை. பொடியைச் சாப்பிட்டவர்கள் போன் செய்து பேசிய விதம் குறித்து நிறுவனர் அவர்கள் இன்றுவரை பெருந்தன்மையாக மௌனம் காக்கிறார்.

பிறகு ஒரு நாள் இன்டர்நெட்டில், பழைய கணினி ஒன்றுக்குப் புது விசைப்பலகை கேட்டு ஒரு வெள்ளைக்காரர் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார். மனம் இளகியது. கச்சிராயபாளையம் சாலையில் அவர்களுடைய பழைய அரிசி மில் காலியாகக் கிடந்தது. மாடியில் ஏறி நின்றால், மேகம் இல்லாத நாளில் கல்வராயன் மலை தெரியும். "அது போதும்" என்றார். பெயரும் வைத்தாகிவிட்டது.

நான் அங்கே வேலைக்குப் போனது இரண்டு வருடத்துக்கு முன்பு. நேர்முகத் தேர்வு மில் வாசலிலேயே நடந்தது.

"யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

"மணலூர்பேட்டை ராயப்பன் பொண்ணு சார். ஜெஸி. பி.இ. எலக்ட்ரானிக்ஸ்."

"ராயப்பனா? நம்ம வயல்ல கரும்பு வெட்டுவாரே, அவரா? அவரு பொண்ணு படிச்சிருக்கா?"

"எண்பத்தோரு பர்சென்ட் சார்."

"பரவால்லியே. நாளையிலேர்ந்து வா. பெருக்கறதுக்கும் ஆள் இல்ல."

எங்கள் தெருவிலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையைத் துடைப்பத்தோடு ஆரம்பிக்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

பெருக்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் விசைப்பலகையை வடிவமைத்தேன். அந்தப் பழைய இயந்திரத்தின் பட்டன்களுக்கு அடியில் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் தாள்கள். இரண்டிலும் மெல்லிய உலோகக் கோடுகள். பட்டனை அமுக்கினால் மேல்கோடு கீழ்க்கோட்டைத் தொடும். கணினிக்குச் செய்தி போகும். நாற்பது வருடத்தில் அந்தத் தாள் அப்பளமாகிவிடும். தொட்டால் நொறுங்கும். நொறுங்கிய ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பட்டன் எந்தக் கோட்டில் உட்காருகிறது என்று மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எட்டு வரிசை, ஐந்து நிரல், நாற்பது பட்டன் என்று வரைந்து, தாளுக்குப் பதில் நிஜ ஸ்விட்ச் வைத்த போர்டு ஒன்றைச் செய்து முடிக்க ஏழு மாதம் ஆனது. முதல் போர்டை மாட்டி எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது நான் அழுதேன். நிறுவனர் அவர்களும் உணர்ச்சிவசப்பட்டார். உடனே விளம்பரத் தாளில் 'வடிவமைப்பு: பிரவீன்குமார்' என்று அச்சிட்டார்.

அந்தத் தாளை நீங்கள் படிக்க வேண்டும். 'பள்ளிக்கூட வாசலை மிதித்திராத கல்வராயன் மலைப்பெண்கள், தேனெடுக்கும் அதே விரல்களால் ஒவ்வொரு பட்டனையும் பொருத்துகிறார்கள்.' நாங்கள் ஆறு பெண்கள். நான்கு பேர் கள்ளக்குறிச்சி டவுன். நான் மணலூர்பேட்டை. மலை என்று சொல்ல ஒரே ஒருவர்தான், வெள்ளிமலையிலிருந்து வந்த இருசம்மாள் அக்கா. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர். சால்டரிங் வைத்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். தேனைப் பற்றி அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"தேனா? சின்ன வயசுல ஒரு தேனீ கொட்டி மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சி. அதுலேர்ந்து கடையில விக்கிற தேனக்கூட நான் தொடறதில்ல."

இப்படியாக நிறுவனம் சிறந்து விளங்கிய காலத்தில்தான் இரண்டு கடிதங்கள் வந்தன.

ஒன்று எனக்கு. ஓசூரில் ஒரு மின்னணுக் கம்பெனி, டிசைன் இன்ஜினியர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: வேலை பார்த்த இடத்திலிருந்து இரண்டு வருட அனுபவச் சான்று, சீலிட்ட உறையில் கொண்டுவர வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். வேலை கிடைத்தால் அப்பா கரும்பு வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். முதுகு வளைந்துபோய் இரண்டு வருடமாகிறது.

இன்னொன்று நிறுவனர் அவர்களுக்கு. இங்கிலாந்தின் 'பழங்கணினி அன்பர் சங்க'த் தலைவர் கிரஹாம் என்பவர், ஐந்நூறு விசைப்பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் 'மலைப்பெண்களை' நேரில் தரிசிக்க வருகிறாராம்.

அவசர ஆலோசனைக் கூட்டம் கூட்டப்பட்டது. தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. அங்கே மனம் என்று கணக்கில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"துரை வரும்போது மலைப் பொண்ணு ஒண்ணு மேஜைகிட்ட நிக்கணும்" என்றார் நிறுவனர்.

"நான் இருக்கனே சார்" என்றார் இருசம்மாள் அக்கா. "சாதிச் சான்றிதழ்கூட பையிலதான் இருக்குது."

"நீ வேணாம் இருசம்மா. கண்ணாடி, சுடிதாரு, கையில வாட்ச்சி. உன்னப் பாத்தா மலை மாதிரியே இல்ல."

"மலையே நாங்கதான சார்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேணாவா?" நிறுவனர் அவர்களின் பார்வை எங்களை ஒவ்வொருவராகக் கடந்து வந்து என் மேல் நின்றது. "ஜெஸி, நீ நல்லா கறுப்பா இருக்க. முடியும் சுருட்டையா இருக்குது. நீ நில்லு."

"நான் இன்ஜினியரு சார்."

"ஒரு மணி நேரத்துக்கு இல்ல. பேரும் மாத்திடலாம். ஜெஸின்னா அவரு ஊர்லயே ஆயிரம் பேரு இருப்பாங்க. பூமாலைன்னு வச்சிக்க. உனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழும் கொஞ்சம் கம்மிதான். கேட்டா சிரி. அவ்ளோதான்."

"மூணு மாசமா அனுபவச் சான்று கேட்டுக்கினு இருக்கேன் சார். திங்கக்கெழம ஓசூர்ல இன்டர்வியூ."

"துரை போன மறுநாளே கையில லெட்டரு. ஒரு மணி நேரம் வாயத் தொறக்காம இருந்தா ஓசூரு. இதவிட சல்லிசா யாரு தருவா, சொல்லு."

ஒத்துக்கொண்டேன். இரண்டு வருடம் என் வேலைக்கு இல்லாத மதிப்பு ஒரு மணி நேர ஊமைத்தனத்துக்குக் கிடைக்கிறது. வேண்டாம் என்பதற்கு நான் என்ன நாற்பது ஏக்கர்க்காரியா?

துரை வருவதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. நிறுவனரின் தாயார் விஜயலட்சுமி அம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து இறங்கினார். மில் கதவு, தராசு, இரண்டு டிராக்டர், துடைப்பம் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், துரைக்குக் காட்ட எடுத்து வைத்திருந்த விசைப்பலகை முன்பு நின்றார். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பொட்டு. நல்ல தண்ணீராகக் கரைத்த சந்தனம்.

"அம்மா, அதுல ஈரம் படக்கூடாதுங்க. கரெண்டு சாமான்" என்றேன்.

"டிராக்டருக்கு வச்சேன், ஓடலியா? போர் மோட்டாருக்கு வச்சேன், தண்ணி எறைக்கலியா? உன் பொட்டி மட்டும் இன்னா ஒசத்தி?"

"டிராக்டருக்கு வெளிய வைக்கிறீங்க. இது பட்டன் சந்துல உள்ள எறங்கிடுங்க."

"எறங்கட்டும். உள்ள இருக்கறதுக்கும் நல்லதுதான். நீ வேதக்காரப் பொண்ணு, உனக்கு இதுல இன்னா தெரியும்?"

நாற்பது பட்டனுக்கும் நாற்பது பொட்டு. அதன் மேல் நாற்பது குங்குமம். நிறுவனர் அவர்களிடம் ஓடினேன். "எங்கம்மா கை ராசியான கை" என்று சொல்லிவிட்டு, நாட்டுக்கோழிக்கும் அதே கைதான் பொட்டு வைத்தது என்பதை மறந்துவிட்டார்.

மறுநாள் காலை நாங்கள் வருவதற்கு முன்பே விஜயலட்சுமி அம்மாள் வந்து, துரை பார்க்கும்போது சுத்தமாக இருக்க வேண்டுமென்று, நனைத்த துணியால் அதை அழுத்தித் துடைத்து முடித்திருந்தார். மேலே ஒரு பொட்டு இல்லை. மொத்தமும் உள்ளே போயிருந்தது.

நான் அப்போது முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய சேலையில், நாடகக் கம்பெனிக்குத் துணி வாடகைக்கு விடும் கடையிலிருந்து வந்த பாசிமணி ஆறு வரிசையோடு நின்றிருந்தேன். இருசம்மாள் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க மலையில இப்பிடி ஒருத்திய நான் பாத்ததே இல்ல. போட்டோ புடிச்சி எங்கம்மாவுக்கு அனுப்பட்டுமா? பயந்துக்கும்."

"சிரிக்காதக்கா. சார், அந்தப் போர்டு ஈரமா இருக்குது, வேற எடுத்து வைக்கலாம்" என்று நிறுவனர் பக்கம் திரும்பினேன்.

"பூமாலைக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். வாசலில் கார் வந்துவிட்டது.

கிரஹாம் துரை உயரமானவர், நல்லவர், நெற்றியெல்லாம் வியர்வை. பனியனில் அந்தக் கணினியின் படம். மில்லுக்குள் நுழைந்து என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். நான் சிரித்தேன். நிறுவனர் அவர்கள் ஆங்கிலத்தில் எங்கள் வரலாற்றை விரித்தார். மலையில் கணினியை முதன்முதலாகப் பார்த்தபோது நாங்கள் அதைச் சாமி என்று நினைத்துக் கும்பிட்டோமாம். பின்னால் இருசம்மாள் அக்காவுக்கு இருமல் வந்து, அது நிற்க வெகுநேரம் ஆனது. சாமி கும்பிடப்பட்டது என்னவோ உண்மைதான். கும்பிட்டவர் யார் என்பதில்தான் தகவல் பிழை.

"நான் ஒருமுறை தட்டிப் பார்க்கலாமா?" என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

பத்து வயதுப் பையன் மாதிரி உட்கார்ந்தார். 'பி' பட்டனை அமுக்கினார். அந்த இயந்திரத்தில் 'பி'யை அமுக்கினால் 'பிரின்ட்' என்ற முழுச்சொல்லும் திரையில் வரும். வந்தது. துரையின் கண் கலங்கியது. பிறகு ஒரு 'பி' வந்தது. பிறகு இன்னொரு 'பி'. துரை கையை எடுத்துவிட்டார். 'பி' நிற்கவில்லை. ஒரு வரி முழுக்க, இரண்டு வரி முழுக்க, பிறகு கணினி அலுத்துப்போய் ஈனமாக ஒரு சத்தம் போட்டது.

"சூடாகிறது" என்றார் நிறுவனர் அவர்கள் ஆங்கிலத்தில். "கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்."

துரை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசைப்பலகையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். முகம் மாறியது. "இது வடிவமைப்புக் கோளாறு. வரிசைக் கோடுகளைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். யார் வடிவமைத்தது?"

மேஜை மேல் விளம்பரத் தாள் கிடந்தது. அதில் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் தாளை மெதுவாகத் திருப்பிப் போட்டார். பிறகு என்னை நோக்கிக் கை நீட்டினார்.

"இவள்தான். பாவம், படிக்காதவள். மன்னித்துவிடுங்கள்."

இரண்டு வருடத்தில் முதல்முறையாக என் வடிவமைப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

"ஓசூரு, ஓசூரு" என்று இருசம்மாள் அக்கா பின்னாலிருந்து முணுமுணுத்தார். எனக்கும் ஓசூர் தெரிந்தது. சீலிட்ட உறை தெரிந்தது. அப்பாவின் முதுகு தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். துரை மறுபடி சொன்னார்: "வரிசைக் கோடு தப்பு." ஏழு மாதம் தொட்டுத் தொட்டுப் பார்த்த கோடு அது.

"வரிசையும் சரி, நிரலும் சரி" என்றேன். ஆங்கிலத்தில். "உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கழற்றிப் பாருங்கள். இவருடைய அம்மா நேற்று இதன் மேல் சந்தனம் வைத்தார். இன்று ஈரத்துணியால் உள்ளே தள்ளினார். கீழே போன பட்டன் ஒட்டிக்கொண்டு மேலே வரவில்லை. அவ்வளவுதான்."

கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து 'பி' பட்டனின் மூடியை நெம்பினேன். சந்தன வாசம் வந்தது. ஸ்பிரிட் தொட்டு ஸ்விட்சைத் துடைத்து, மூடியை மாட்டி, அமுக்கினேன். ஒரு 'பி' வந்தது. ஒன்றே ஒன்று.

துரை என்னைப் பாராட்டப்போகிறார் என்று நான் நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. நினைத்தேன். ஆனால் அவர் முகம் கடையடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"நீங்கள் இன்ஜினியரா?" என்றார். 'நீங்கள் திருடியா?' என்று கேட்கும் தொனியில்.

"ஆமாம்."

அவர் நிறுவனர் பக்கம் திரும்பினார். "எங்கள் உறுப்பினர்கள் பள்ளிக்கூடம் போகாத கைகள் செய்தது என்று நம்பித்தான் கேட்கிறார்கள். இன்ஜினியர்கள் செய்தது எங்கள் ஊரிலேயே கிடைக்கும்."

மகான்களைச் சாதாரணர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் தருணம் இது. நிறுவனர் அவர்கள் மூன்று நொடிதான் எடுத்துக்கொண்டார். பிறகு கை தட்டினார்.

"பார்த்தீர்களா? இரண்டு வருடத்துக்கு முன்பு மலையிலிருந்து இறங்கி வந்தபோது இவளுக்கு ஏ, பி, சி தெரியாது. உங்கள் விசைப்பலகைதான் இவளுக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு பட்டனாக மாட்டி மாட்டி எழுத்துப் படித்தாள். எழுத்திலிருந்து ஆங்கிலம். இப்போது தன்னை இன்ஜினியர் என்றே நம்புகிறாள்."

"பொய். நான் பி.இ. படித்தவள். என் பெயர் ஜெஸி" என்றேன்.

துரையின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "எவ்வளவு தன்னம்பிக்கை" என்றார்.

"நான் மலையே இல்லை. மணலூர்பேட்டை. செமஸ்டர் வாரியாக மார்க் சொல்லட்டுமா?"

"செமஸ்டர் என்ற சொல்கூடத் தெரிகிறது" என்று அவர் நிறுவனரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இருசம்மாள் அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தார். "நீ உண்மையச் சொல்லச் சொல்ல அந்தாளுக்குச் சந்தோசம் ஜாஸ்தியாவுதுடி. வுட்டுடு."

ஐந்நூறு, ஆயிரமானது. துரை என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார். உண்மையான மலைப்பெண்தான் செல்போனைப் பிடித்து எடுத்துக் கொடுத்தார்.

வாக்குத் தவறாமைக்கு இலக்கணம் நிறுவனர் அவர்கள். மறுநாள் காலை சீலிட்ட உறையை அவரே என் கையில் கொடுத்தார்.

"நான்தான் வாயத் தொறந்துட்டேனே சார்?"

"தொறந்ததாலதான ஆயிரம். உன்னப் பத்தி நல்லா எழுதியிருக்கேன். பிரிச்சிடாத, சீல் போயிடும். உங்கப்பாவக் கேட்டதாச் சொல்லு."

ஓசூரில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சர்க்யூட் பற்றி நாற்பது நிமிடம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நடுவில் இருந்த அம்மையார் இரண்டுமுறை தலையாட்டினார். பிறகு உறையைப் பிரித்து, கடிதத்தைச் சத்தமாகவே படித்தார்.

'இதன்மூலம் சான்றளிக்கப்படுவது யாதெனில், செல்வி ஜெஸி எமது நிறுவனத்தின் பயனாளியாகச் சேர்ந்தபோது எழுத்தறிவு ஏதுமின்றி இருந்தார். எமது இடையறாத முயற்சியால் இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலம் பேசும் நிலைக்கு உயர்த்தப்பட்டுள்ளார். இவர்தம் நன்னடத்தை திருப்திகரமானது.'

கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், கல்வராயன் மலையின் படம்.

அம்மையார் அந்தக் கடிதத்தை என் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி எழுதப் படிக்கத் தெரியாத நீங்க, மூணு வருஷம் முன்னாடி பி.இ. முடிச்சிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு பொய்தானம்மா?"

"ஆமாங்க. லெட்டர்தான் பொய்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவசரப்பட்டு முடிவுக்கு வருபவர்கள் இல்லை அவர்கள். நன்கு படித்தவர்கள், பண்பானவர்கள். இரு தரப்பையும் நடுநிலையோடு ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அப்பா என்ன பண்றாரு?"

"கரும்பு வெட்டுறாருங்க."

நிறுவனர் அவர்களின் கடிதத்தைப் பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். என் பட்டச் சான்றிதழைத்தான் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள்.